ரிக் ஆபீஸ் லேப்டாப்பில் லினக்ஸ்

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப். அது என்னுடையது அல்ல, கணவருடையதும் அல்ல, ரிக் வண்டியுடையது. திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் வண்டி வைத்திருக்கிற வீடுகளில் இது சகஜம். வண்டி வடக்கே ஏதோ ஒரு மாநிலத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கும். கணவர் வண்டியோடு போய்விடுவார். வீட்டு முன்னறையில் ஒரு மேசை, மேசைமேல் லேப்டாப், லேப்டாப் முன்னால் மாமனார். அதற்குப் பெயர் ஆபீஸ். எங்கே எத்தனை அடி ஓட்டினார்கள், துளை சரியாமல் இருக்க எவ்வளவு கேசிங் பைப் இறக்கினார்கள் என்று தினமும் போனில் தகவல் வரும். மாமனார் அதைப் பார்த்துப் பில் போட்டு அனுப்புவார்.

நான் எம்.சி.ஏ. படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் வேலை பார்த்தவள். இந்த வீட்டுக்கு வந்தபிறகு அந்தப் படிப்பு பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவத்தான் பயன்பட்டது. பில் மென்பொருள் நின்றுபோனால் "அம்மிணி, சித்தெ வந்து பாரு" என்று கூப்பிடுவார்கள். பார்த்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்ட பெண்களை மறுபடி எடுத்துக்கொள்கிறார்கள், வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஒரு கம்பெனி அறிவித்திருந்தது. விண்ணப்பித்தேன். முதல் நேர்காணல் வீடியோவில். "உங்கள் முகம் மஞ்சளாக, புகையாகத் தெரிகிறது" என்றார் அந்தப் பக்கம் இருந்த பெண். எனக்குப் புரியவில்லை. பிறகுதான் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒவ்வொரு அமாவாசைக்கும் வண்டிச் சாவி, அரிவாள்மணை, லேப்டாப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். லேப்டாப்புக்கு நெற்றி எது? திரைக்கு மேலே நட்டநடுவில். கேமராவும் அங்கேதான் இருக்கிறது. மாமியார் அம்மனுக்கு வைக்கிற பக்தியோடு கேமராவுக்குப் பொட்டு வைத்திருந்தார். முந்தானையால் துடைத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தேன். அந்தப் பெண் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, பயம் பாதி போய்விட்டது. நேர்காணலில் தேறிவிட்டேன்.

அடுத்தது செய்முறைத் தேர்வு, திங்கட்கிழமை. நம்முடைய கணினியிலேயே லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓட வேண்டும், அதில் அவர்கள் சொல்கிற வேலைகளைச் செய்து காட்ட வேண்டும். அதைத் தவறவிட்டால் அவ்வளவுதான். என் வயதுக்கும் இத்தனை வருட இடைவெளிக்கும் இன்னொரு கம்பெனி என்னைக் கூப்பிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

லேப்டாப்பில் இருந்தது விண்டோஸ். பில் மென்பொருள் அதில்தான் ஓடும். அதை எடுத்துவிட்டு லினக்ஸ் போடுவது நடக்கிற காரியமல்ல. அதனால் விர்ச்சுவல் மெஷின் என்று முடிவு செய்தேன். அது வேறொன்றுமில்லை, கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி இருப்பதுபோல நடிக்கிற ஒரு மென்பொருள். அந்தப் பொய்க் கணினிக்கு நினைவகத்தில் கொஞ்சம், ஹார்டு டிஸ்க் என்கிற வட்டில் கொஞ்சம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டால் அதற்குள் லினக்ஸை நிறுவிக்கொள்ளலாம். வெளியே இருக்கிற விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது.

மாமனாரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"பில்லு எல்லாம் அப்படியே இருக்குமல்ல?"

"இருக்குமுங்க மாமா. ஒண்ணும் ஆவாதுங்க."

"அப்ப பண்ணிக்கோ சாமி. பாத்துப் பண்ணோணும், அவ்வளவுதான்."

லினக்ஸ் கோப்பு பெரியது. எங்கள் வீட்டில் இணையம் என்பது அவரவர் போனில் இருக்கிற அன்றாட அளவுதான். என் போனில் இருந்தது தீர்ந்ததும் மாமியார் போனைக் கடன் வாங்கினேன். இப்படி நிறுத்தி நிறுத்தித் தரவிறக்கி முடிக்க வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. மாமியாருக்குப் போனில் பார்க்கிற சீரியல் இரண்டு நாள் போச்சு.

"அவ ஊட்ட உட்டுப் போனாளா இல்லையான்னே தெரியலை எனக்கு" என்று சீரியல் மருமகளைப் பற்றிக் கவலைப்பட்டார். "அப்படி என்னத்தத்தான் எறக்கறே நீ?"

சனிக்கிழமை காலை சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தேன். பொய்க் கணினியை உருவாக்கி ஓட்டினால், ஓடவில்லை. ஒரு பிழைச் செய்திதான் வந்தது. படித்துப் பார்த்ததில் சமாச்சாரம் இதுதான்: லேப்டாப்பின் மூளைக்கு இந்த வித்தை தெரியும், ஆனால் அதற்கான அனுமதி, விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடுகிற பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அதே கதை. லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போடும்போது ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்து, அந்த அமைப்புக்குள் போய் அனுமதியைத் திறந்துவிட்டேன். இந்த முறை பொய்க் கணினி கண்ணைத் திறந்தது.

எழுத்தெல்லாம் சின்னதாகத் தெரிகிறதே என்று முழுத்திரையில் வைத்தேன். செய்திருக்கக் கூடாது. முழுத்திரையில் வைத்தால் விண்டோஸ் இருந்த தடமே தெரியாது. பார்க்கிறவர்களுக்கு லேப்டாப்பே மாறிவிட்ட மாதிரி இருக்கும். மொழி கேட்டது, விசைப்பலகை கேட்டது, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்புறம் அந்தப் பக்கம் வந்தது. வட்டை முழுவதும் அழித்துவிட்டு லினக்ஸை நிறுவு. கீழே ஒரு எச்சரிக்கை: இதில் உள்ள நிரல்கள், ஆவணங்கள், படங்கள் அனைத்தும் அழியும்.

அமுக்கப் போன விரலை எடுத்துக்கொண்டேன். அது சொல்வது பொய்க் கணினியின் வட்டைத்தான், நான் ஒதுக்கிக் கொடுத்த வெற்று இடத்தைத்தான் என்று தெரியும். தெரிந்தும் வட்டின் அளவை இன்னொரு தடவை பார்த்தேன். சின்னதுதான். லேப்டாப்பின் உண்மையான வட்டு அதைப்போலப் பல மடங்கு. சரி என்று அமுக்கினேன். உறுதியாகத்தானா என்று கேட்டது. அதற்கும் சரி என்றேன். நீலக்கோடு ஓட ஆரம்பித்தது.

மாமனார் காப்பி டம்ளரோடு பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. அவர் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், ஆனால் 'அழி', 'வட்டு' இரண்டு வார்த்தையும் ஆங்கிலத்தில் அவருக்குத் தெரியும். எல்லாமே வட்டில்தான் இருக்கிறது, அது போனால் எல்லாம் போச்சு என்று லேப்டாப் விற்றவர் மிரட்டி வைத்திருந்தார். அதுவுமில்லாமல் அவர் பாதி ஆயுளை ரிக் வண்டியில் கழித்தவர். கீழே ராடு சிக்கினால், துளைக்கிற பிட் மாட்டினால், யாராவது கத்தினால், முதல் வேலை எஞ்சினை நிறுத்துவது. என்ன ஆச்சு என்று கேட்பதெல்லாம் பிறகு.

நிறுத்தினார். ஒயரைப் பிளக்கோடு பிடுங்கினார்.

எங்கள் லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகுநாளாகிறது. ஒயரில்தான் அதன் உயிர். திரை கறுத்தது.

"அழிக்குது அம்மிணி! எல்லாத்தையும் அழிக்குதுன்னு போட்டிருக்குது, நீ பாட்டுக்கு சரிங்கறயே!"

ஒயரைச் சொருகித் திரும்பப் போட்டேன். விண்டோஸ் உடனே வரவில்லை. ஒழுங்காக அணைக்காததால் வட்டைச் சோதித்துக்கொண்டிருந்தது. புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. மாமனார் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் வாசலில் வந்து நின்று, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, கேட்காமலே உள்ளே போனார். உண்மையாகவே பில் எல்லாம் போய்விட்டால் அந்த வீட்டில் என் கை எந்தப் பொத்தானிலும் படாது, அது எனக்கு நிச்சயம்.

விண்டோஸ் வந்தது. பில் மென்பொருளைத் திறந்தேன். முந்தின நாள் பில் வரைக்கும் அப்படியே இருந்தது. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் பொய்க் கணினியைத் திறந்தேன். கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பாதியில் நின்ற நிறுவல் பாழ்.

"உங்குளுது ஒண்ணும் அழியலைங்க மாமா" என்றேன். "அழிஞ்சது என்னோடதுதான்."

அவரிடம் அவ்வளவு கடுமையாக நான் அதுவரை பேசியதில்லை. அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

மத்தியானம் கணவர் கூப்பிட்டார். பின்னால் கம்பிரசர் சத்தம். நடந்ததைச் சொன்னேன். "சரி உடு அம்மிணி, பெருசு பயந்திருச்சு. இந்தப் பரிச்சை போனா இன்னொண்ணு வராமயா போவுது?" என்றார். அப்பா பிளக்கைப் பிடுங்கியதைவிட மகன் சொன்னதுதான் எனக்கு வலித்தது. அப்பா விவரம் தெரியாமல் செய்தார். இவருக்கு எல்லாம் தெரியும். போனை வைத்துவிட்டேன்.

அன்றைக்கு மதியத்துக்குமேல் லேப்டாப் பில் போடத் தேவைப்பட்டது, விட்டுக்கொடுத்தேன். அடுப்படியில் மாமியார் மெதுவாகக் கேட்டார், அப்படி அதில் என்னதான் பண்ணினாய் என்று. "அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளயே எனக்குன்னு சின்னதா ஒரு ரூம்பு கட்டுனேனுங்க அத்தை. மத்த யாரோடதுலயும் கை வெக்கலை" என்றேன். அவர் வெங்காயத்தை அரிந்துகொண்டே, "எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். என் பக்கம் பேசினாரா, பழமொழி வாயில் வந்ததா, தெரியாது. எனக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பாழான பொய்க் கணினியை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கினேன். மாமனார் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதைச் சுவரோரம் பிளக் பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்குத் திக்கென்றது.

"நீ உன்ற வேலையப் பாரு. இந்த ஒயர்ல யாரு காலும் மாட்டப்படாதல்ல, அதுக்குத்தான்."

அழித்துவிட்டு நிறுவு என்ற பக்கம் மறுபடி வந்தது. இந்த முறை முழுத்திரையைச் சுருக்கி, பின்னால் விண்டோஸ் இருப்பதைக் காட்டினேன். அவர் பார்த்தார். தலையை ஆட்டினார், ஆனால் நான் அமுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். நீலக்கோடு ஓடியது. நடுவில் ஒரு வாடிக்கையாளர் பில் கேட்டுப் போன் செய்தார். "இப்ப முடியாதுங்க. கம்ப்யூட்டர் ஓட்டத்துல இருக்குது, பாதியில நிறுத்தப்படாது. எங்க மருமகளுக்கு நாளைக்குப் பரிச்சைங்க" என்றார் மாமனார். எனக்கு முதுகுப்பக்கம்தான் அவர் இருந்தார். நான் திரும்பவில்லை.

கடைசியில் கடவுச்சொல் கேட்டது. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல், முதலில் வாங்கின ரிக் வண்டியின் நம்பர். மாமனார் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நம்ம வண்டி நம்பரயே போட்டுக்கோ, மறக்காது" என்றார். நான் வேறொன்றை அடித்தேன். நீளமாகவே அடித்தேன். விரல் ஓடிய நேரத்தை வைத்தே அது வண்டி நம்பர் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். என்ன போட்டாய் என்று அவர் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தேர்வு. கோப்புகளை இடம் மாற்றச் சொன்னார்கள், யார் எதைத் திறக்கலாம் என்று அனுமதி வைக்கச் சொன்னார்கள். ஒரு கட்டளை சுத்தமாக மறந்துவிட்டது. உதவிப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், பாருங்கள் என்றார்கள். சில நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. எடுத்துக்கொண்டார்கள்.

மாமியார் அடுப்படியிலிருந்து சர்க்கரையை அள்ளி வந்து வாயில் போட்டார். கணவர் போனில், "நான் அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்புதான்" என்றார். ஆமாம், தப்புதான் என்றேன். மாமனார் மட்டும் முன்னறையில் லேப்டாப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"எந்நேரத்துல இருந்து எந்நேரம் வரைக்கும் அம்மிணி?"

"காத்தால பத்துல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்குமுங்க மாமா."

அவர் யோசித்தார். எந்த நேரத்துக்கு யார் பில் கேட்பார்கள் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று புரிந்தது. இன்னொரு லேப்டாப் வாங்குகிற நிலைமை அப்போது இல்லை. முடியாது என்று அவர் சொல்லிவிட்டால் இந்த வேலையும் போச்சு.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, அதை எனக்குத் தள்ளிவிட்டார்.

"அப்ப பில்லை ஆறு மணிக்கு மேல நான் போட்டுக்கட்டுமா?"

இந்த வீட்டுக்கு நான் வந்து இத்தனை வருடத்தில், அந்த மேசை முன்னால் கேட்கிற இடத்தில் அவரும் சொல்கிற இடத்தில் நானும் நின்றது அன்றைக்குத்தான்.

"போட்டுக்குங்க மாமா" என்றேன்.