அப்பாவுக்குத் தமிழ் தெரியாது

அப்பாவை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்றதும் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முழுக்க ஒரே கேள்விதான் கேட்டது. சுவிட்சர்லாந்தா, துபாயா? சிங்கப்பூர் என்று சொன்னவுடன் எல்லோருக்கும் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. அங்கே போய்வந்தவர்கள் சந்திலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், பெற்ற அப்பனுக்கு ஒரு பனிமலையைக் காட்டக்கூடாதா என்று பக்கத்து வீட்டு அக்கா முகத்துக்கு நேராகவே கேட்டார்.

நிஜமான காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார். அப்பா வீட்டுக்கு வெளியே வாய்விட்டுத் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரே ஒரு தடவை, நடுத்தெருவில், நாலு பேர் முன்னால் அவர் சத்தமாகத் தமிழ் பேச வேண்டும், அதை நான் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். இந்த ஆசைக்குப் பனிமலை சரிப்படாது. தமிழை ஆட்சிமொழியாக வைத்து, ரயில் நிலையப் பலகையிலும் எழுதிப் போட்டிருக்கிற ஊர்தான் சரி என்று நானே ஒரு நாள் மத்தியானம் ஆபீஸில் உட்கார்ந்து முடிவு செய்தேன். அப்போது எனக்கு என் மேல் இருந்த மதிப்பைச் சொல்ல முடியாது. அப்பாவுக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுக்கப் போகிறவள் நான்தான் என்று நினைப்பு.

எங்கள் வீட்டுச் சட்டம் சின்னது. வாசற்படிக்கு உள்ளே தமிழ், வெளியே கன்னடம். நான் சிறுமியாக இருந்தபோது, காவிரித் தண்ணீருக்காக ஊர் கொதித்துக்கொண்டிருந்த நாட்களில் அப்பா பயந்துபோய்ப் போட்ட சட்டம் அது. ஊர் அப்புறம் ஆறிவிட்டது. சட்டத்தை வாபஸ் வாங்க அப்பா மறந்துவிட்டார். பீன்யாவில் ஒரு பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனார். அங்கே அவருடைய ஷிஃப்டில் பாதிப் பேர் வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள். அவர்களிடமும் கன்னடம்தான். அவர்களும் கன்னடத்திலேயே பதில் சொல்வார்கள். ஆரணிக்காரரும் போளூர்க்காரரும் ஒருவரையொருவர் கன்னடத்தில் கிண்டல் செய்து ஓய்வு பெற்ற கதை வேறெங்கேயாவது நடந்திருக்குமா தெரியவில்லை.

காலையில் தமிழ்ப் பேப்பர் வாங்குவார். வாங்கியதும் ஒரு கன்னடப் பேப்பருக்குள் அதை வைத்து மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார். பேப்பர் விற்கிறவர் தமிழர். வருகிற வழியில் இருக்கிற டீக்கடை, இஸ்திரிக்கடை, சலூன் எல்லாம் தமிழர்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் மண்டியாக்காரர், அசல் கன்னடக்காரர். அவரோ எங்கள் சந்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எல்லோரிடமும் தமிழ்தான் பேசுகிறார். "இன்னா அண்ணா, பேப்பர்ல இன்னா போட்டுக்கீறான்?" என்று அவர் கேட்பார். அப்பா கன்னடத்தில் விவரம் சொல்வார். யாரிடமிருந்து அந்தப் பேப்பரை ஒளிக்கிறார் என்று நானும் அம்மாவும் எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டோம்.

அம்மா இந்தச் சட்டத்தை ஒரு நாளும் மதித்ததில்லை. மார்க்கெட்டில் நின்று கத்தரிக்காயைத் தமிழில் திட்டுவாள், காய்காரரும் தமிழில் திருப்பித் திட்டுவார், இரண்டு பேரும் சந்தோஷமாகப் பிரிவார்கள். அவளையும் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டேன். "உங்கப்பன் கூட மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனாலே எனக்குத் தலைநோவு வருது. நீயே இட்டுகினு போ" என்று சொல்லிவிட்டாள்.

சிங்கப்பூரில் இறங்கியதும் குடியேற்ற மேஜைக்குப் பின்னால் சீருடையில் ஒரு சீனப் பெண் உட்கார்ந்திருந்தார். அப்பா கைகூப்பி, "நமஸ்கார மேடம், ஊட்டா ஆய்த்தா?" என்றார். சாப்பாடு ஆயிற்றா என்று எங்கள் ஊரில் யாரையும் கேட்கலாம், தப்பில்லை. அந்தப் பெண் அவர் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கை காட்டினார். அப்பா என் காதருகில் குனிந்து, "பாத்தியா, புரியுது அவங்களுக்கு" என்று தமிழில் கிசுகிசுத்தார். அப்பாவின் உலகத்தில் மொழிகள் இரண்டுதான். ஒன்று வீட்டில் பேசுவது, மற்றது அந்நியர்களிடம் பேசுவது. சிங்கப்பூர்க்காரர்கள் அந்நியர்கள், ஆகவே கன்னடம்.

முதல் முறை ரயிலில் ஏறியபோது தமிழில் அறிவிப்பு வந்தது. இடைவெளியைப் பார்த்து இறங்கச் சொல்லும் சாதாரண அறிவிப்பு. நான் பெருமையோடு அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன், ஏதோ அதை நானே ஏற்பாடு செய்த மாதிரி. அப்பா பெட்டியில் இருந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கோபப்படவில்லை. எல்லோரும் கைபேசியில் இருந்தார்கள். அப்படியும் அவருக்குச் சமாதானமில்லை, அடுத்த நிலையத்தில் இறங்கிவிடலாமா என்று கேட்டார்.

மீன் வால் வைத்த சிங்கச் சிலையைக் காட்டினேன். அதன் வாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பம்ப் எங்கே வைத்திருப்பார்கள் என்று சுற்றிச் சுற்றித் தேடினார். கண்ணாடிக் கூண்டுக்குள் பெரிய தோட்டம் ஒன்றைக் காட்டினேன். நம்ம ஊர் லால்பாக்கிலும் கண்ணாடி மாளிகை இருக்கிறதே என்றார். இவ்வளவையும் குரலைத் தணித்து, உதடு அசையாமல் சொன்னார். மூன்று நாளில் எழுபது போட்டோ எடுத்தேன். எல்லாவற்றிலும் அப்பா களவு போன பொருளோடு பிடிபட்டவர் மாதிரி நிற்கிறார்.

தேக்காவுக்கு அழைத்துப் போனால் சட்டம் உடைந்துவிடும் என்று நம்பினேன். கடைப்பெயர், பாட்டு, பூ, வெற்றிலை, வசவு எல்லாம் தமிழாக இருக்கிற இடம். ஓட்டலில் உட்கார்ந்ததும் அப்பா பரிமாறுகிறவரிடம், "எரடு இட்லி, ஒந்து வடே" என்று சொல்லி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் விரலையும் காட்டினார்.

"ரெண்டு இட்லி, ஒரு வடை. சாம்பார் தனியா வேணுங்களா ஐயா?" என்றார் அவர். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு.

"ஹௌது" என்று கன்னடத்தில் ஆமாம் போட்டார் அப்பா.

அவர் என்னிடம் திரும்பி, "ஐயா கர்நாடகாங்களா? தமிழ் நல்லாப் புரிஞ்சுக்கிறாரே" என்று மெச்சினார். அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. வேஷம் நன்றாகப் பொருந்திவிட்ட மகிழ்ச்சி. எனக்கு வந்த ஆத்திரத்தில் வடையைப் பிய்த்துத் தட்டிலேயே போட்டேன். வெளியே வந்து அவரே ஒரு தமிழ்ப் பேப்பர் வாங்கினார். சரி, ஒரு படி ஏறிவிட்டார் என்று நினைத்தேன். அடுத்து என்ன செய்தார் என்றால், அந்தக் கடையில் கன்னடப் பேப்பர் கிடைக்குமா என்று என்னை விசாரிக்கச் சொன்னார். கிடைக்காது என்றதும், இலவசமாகக் கொடுத்திருந்த சுற்றுலா வரைபடத்தைப் பிரித்து, பேப்பரை அதற்குள் வைத்து மடித்து இடுக்கிக்கொண்டார்.

நாலாம் நாள் காலையில் அவரைத் தொலைத்தேன். இதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. ரயில் வந்து நின்றது, அப்பா ஒழுங்காக ஏறினார். நான் நடைமேடையில் நின்று, நிலையத்தின் பெயர் தமிழில் எழுதியிருந்த பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டேட்டஸில் போடுவதற்கு. 'தமிழுக்கு மரியாதை உள்ள ஊர்' என்று தலைப்புகூட யோசித்து வைத்திருந்தேன். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் அப்பா கையைத் தூக்கிக் காட்டுவது தெரிந்தது, அப்புறம் ரயில் போய்விட்டது.

அவருடைய போன், பாஸ்போர்ட், சர்க்கரை மாத்திரை எல்லாம் என் பையில் இருந்தன. ஜேப்படி பயத்தில் அவரே கொடுத்து வைத்திருந்தார். அடுத்த ரயிலைப் பிடித்து அடுத்த நிலையத்தில் இறங்கி, நடைமேடையின் இரண்டு கோடிக்கும் ஓடினேன். இல்லை. நிலைய ஊழியர்களிடம் போய் ஆங்கிலத்தில் விவரம் சொன்னேன். அறுபத்தெட்டு வயது, வெள்ளைச் சட்டை, கையில் வரைபடம். எந்த மொழி பேசுவார் என்று கேட்டார்கள்.

தமிழ் என்றேன். கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

அவர்கள் அக்கறையாகத்தான் தேடினார்கள். எல்லா நிலையங்களுக்கும் சொல்லி, தமிழ் பேசும் பெரியவர் ஒருவர் காணவில்லை என்று தமிழிலேயே ஒலிபெருக்கியிலும் அறிவித்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அம்மாவுக்குப் போன் செய்யத் தைரியம் வரவில்லை. மாத்திரை இல்லாமல் எங்கேயாவது மயங்கி விழுந்து கிடப்பாரோ என்று நினைத்து அழுதேன். மூன்று நிலையம் தள்ளி ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், வெள்ளைச் சட்டைதான், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாதாம், வேறு ஏதோ மொழி பேசுகிறார், ஆகவே உங்கள் அப்பா இல்லை என்று ஆரம்பத்திலேயே என்னிடம் சொல்லியிருந்தார்கள். நானும் தலையாட்டியிருந்தேன். என் மூளை வேலை செய்ய அவ்வளவு நேரம் பிடித்தது.

அந்த நிலையத்துக்குப் போனபோது, நடைமேடைப் பெஞ்சில் அப்பா நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சீருடை போட்ட ஓர் இளம்பெண் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். தமிழ்ப் பெண். என்னைப் பார்த்ததும், "உங்க அப்பாதானாக்கா? நான் வந்ததுமே கேட்டேன், ஐயா நீங்க தமிழான்னு. இல்லவே இல்லைன்னு தலையாட்டிட்டாரு. ரெண்டு மூணு தடவை கேட்டேன்" என்றாள்.

அந்தக் கேள்வியை முன்பே ஒரு தடவை என் காதால் கேட்டிருக்கிறேன். கலாட்டா நடந்த அந்த நாட்களில் அப்பா என்னைப் பள்ளியிலிருந்து சைக்கிளில் அழைத்து வந்தபோது, ராஜாஜிநகர் திருப்பத்தில் நாலு பேர் வழிமறித்து இதே கேள்வியைக் கேட்டார்கள். "தமிழு கொத்தில்ல சார்" என்றார் அப்பா, தமிழே தெரியாது என்று. சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்திருந்த என் வாயில் அவருடைய உள்ளங்கை இருந்தது. அவர்கள் விட்டுவிட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் முடிந்த விஷயம். அப்பாவுக்கு அது முடியவில்லை. சீருடையோடு ஒருத்தி வந்து நின்று நீங்கள் தமிழா என்று கேட்டால், அவள் தமிழிலேயே கேட்டாலும், அவர் வேறு என்ன பதில் சொல்வார்? இந்தக் கேள்வியை மறுபடி அவரிடம் கேட்க வைத்தவள் நான்.

அப்பா என்னைப் பார்த்தார். எழுந்தார்.

"எங்கடி போய்த் தொலைஞ்சே?" என்றார். அந்த நடைமேடை முழுக்கக் கேட்டது. "கண்ணு முன்னாடி கதவு மூடுது, நீ பாட்டுக்கு போட்டோ புடிச்சிகினு நிக்கறே. அறிவுன்றது கீதா உனக்கு? இந்த ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்? எத்தினி ரயில் போச்சி தெரியுமா, ஒவ்வொரு பொட்டியா பாத்துகினே உக்காந்துகீறேன். உனக்கு இன்னா ஆச்சோ, ஏது ஆச்சோன்னு..."

நல்ல கணீரென்ற குரல் அவருக்கு. அதுவரை எனக்குத் தெரியாது. கூரை வரை போய் எதிரொலித்தது. தண்ணீர் பாட்டிலோடு நின்ற பெண் வாயைப் பிளந்து பார்த்தாள். நான் ஆசைப்பட்டது இதுதான், இதற்காகத்தான் கடல் தாண்டி வந்தேன். அப்பா வெளியிடத்தில் சத்தமாகத் தமிழ் பேசிக்கொண்டிருக்கிறார். நானோ சுற்றிலும் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்தேன். என் வாயிலிருந்து தானாக வந்தது.

"அப்பா, மெல்லகெ. எல்லாரூ நோட்தித்தாரெ."

மெதுவாக, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று கன்னடத்தில் சொன்னேன். யாரும் பார்க்கவில்லை.

அப்பா அந்த வார்த்தையிலேயே நிறுத்திவிட்டார். "ஹௌது, ஹௌது" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் கிடந்த வரைபடத்தை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"ஐயா பேசிட்டுத்தானே இருந்தாரு. ஏன்க்கா நிறுத்திட்டீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அவள் தமிழில்தான் கேட்டாள். அவருக்குக் களைப்பாக இருக்கிறது என்று நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்.