எந்தின் முகர்ந்த கிராம்பு

இந்தோனேசியாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றிக் காட்டும் வேலையை எந்தின் பதினோரு வருஷமாகப் பார்க்கிறாள். அங்கே மரத்தில் கை வைத்து ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. அதனால் காலையில் முதல் ஆளாக வந்து, விழுந்து கிடக்கும் இலைகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டு வைத்துக்கொள்வாள். பிள்ளைகளின் கண்ணைக் கட்டி, இலையைக் கசக்கி மூக்கருகே நீட்டி, "என்னன்னு சொல்லு பாப்போம்" என்பாள். அந்த விளையாட்டுக்காகவே தூரத்து ஊரான சுகபூமியிலிருந்தெல்லாம் பள்ளிக்கூடங்கள் வந்தன.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், எந்தினுக்கே வாசனை தெரியாது. ஒன்றரை வருஷத்துக்கு முன் வந்த காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் டிக்கெட் ஜன்னலில் உட்கார வைத்துவிடுவார்களே! அங்கே எந்தப் பிள்ளை வந்து, அக்கா முறை வைத்து, "தெத்தே, மரத்துக்குத் தூக்கம் வருமா?" என்று கேட்கப் போகிறது?

புதிதாக வந்த மேலதிகாரி, எல்லோரும் மரியாதையாக 'இபு' என்று அழைக்கும் லஸ்திரி, டிக்கெட் ஜன்னலுக்கு ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள். வழிகாட்டிகளில் யாரை அனுப்பலாம் என்று பார்க்க அன்றைக்கு எந்தினின் கூட்டத்தோடு நடந்தாள். சாரணர் சீருடையில் இருபத்திரண்டு பிள்ளைகள். எல்லார் கழுத்திலும் சிவப்பும் வெள்ளையுமாகத் துணி.

கெனாரி மரத்தடியில் ஹில்மான் என்ற வாலு ஆரம்பித்தான். "எங்க கண்ணையே கட்டுறீங்களே தெத்தே, இப்ப உங்க முறை!"

"ஆமா, ஆமா!" என்று மொத்தப் பட்டாளமும் குதித்தது. மறுத்தால் லஸ்திரிக்குச் சந்தேகம் வரும். எந்தின் குனிந்து கொடுத்தாள். கழுத்துத் துணி கண்ணைச் சுற்றியது.

முதல் இலை கைக்கு வந்தது. விரலால் தடவினாள், மூன்று நரம்பு. "லவங்கப்பட்டை!" அடுத்தது வழவழப்பு. "ஜாதிக்காய்!" கைதட்டல். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தாள்.

"கையில குடுக்காதடா, மூக்குல காட்டு," என்றது ஒரு குரல்.

மூக்கருகே ஏதோ வந்தது. எந்தின் ஆழமாக மூச்சை இழுத்து, குத்துமதிப்பாக, "ஆகா... கிராம்பு!" என்றாள்.

வெடித்தது சிரிப்பு. துணியை அவிழ்த்தால் எதிரே ஹில்மான் ஒற்றைக் காலில் நிற்கிறான், கையில் அவனுடைய நனைந்த சாக்ஸ். லஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை.

இனி மறைத்து என்ன பிரயோஜனம்? "எனக்கு வாசனையே தெரியாது இபு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி வந்த காய்ச்சல்லேருந்து," என்று போட்டு உடைத்தாள்.

லஸ்திரி வாயைத் திறப்பதற்குள் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள்.

"அந்த நாத்தம் புடிச்ச டுரியான் பழம் கூடவா?"

"டுரியான் கூட."

"உங்க வீட்டுக்காரர் குசு விட்டா?"

"அது தெரியாததாலதான்டா குடும்பம் ஓடுது!"

லஸ்திரி வேறு பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தாள். சில்மி என்ற ஒல்லிப் பெண் மட்டும் சிரிக்காமல் யோசித்தாள்.

"உங்களுக்குப் பாப்பா இருக்கா தெத்தே?"

"இருக்கான். ஒன்பது மாசம்."

"அப்ப காய்ச்சலுக்கு அப்புறம் பொறந்தவனா? அவன் வாசனை உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

நாற்பத்தொரு வயதில் பெற்ற பிள்ளை. அவன் தலையில் எத்தனை முறை மூக்கைப் புதைத்து இழுத்திருப்பாள்! "தெரியாதும்மா," என்றாள்.

மத்தியானம் பள்ளிப் பேருந்துக்காக வாசலில் நின்றார்கள். வழக்கம்போல் புருஷன் யூதி, பால் குடிக்கப் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தான். சில்மி விடுவிடுவென்று வந்து, "காட்டுங்க, நான் பாத்துச் சொல்றேன்," என்றாள்.

எந்தின் குனிந்து காட்டினாள். சில்மி கண்ணை மூடி, பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தாள்.

"மேல தைல வாசனை. அது எல்லாப் பாப்பாவுக்கும் உண்டு. அடியில வேற ஒண்ணு இருக்கு, இருங்க." மறுபடி முகர்ந்தாள். "சோறு. இப்பதான் மூடி தெறந்த சூடான சோறு. நம்பலன்னா இவங்களக் கேளுங்க."

வரிசையாக எல்லோரும் முகர்ந்தார்கள். ஹில்மானும் ஒழுங்காக முகர்ந்து, "சோறுதான் தெத்தே," என்றான். கடைசியில் லஸ்திரியும் குனிந்தாள். நிமிர வெகுநேரம் ஆனது.

"சோறுதான்," என்றாள் அவளும்.

எந்தின் வாசல் என்றும் பாராமல் விசும்பி அழுதாள். யூதிக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளையை யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று முறைத்தான்.

"நாளைக்கு ரெண்டு ஸ்கூல் வருது எந்தின். ஜன்னலுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்," என்றாள் லஸ்திரி. "முதல்ல புள்ளைக்குப் பால் குடுங்க."