சேஃப்டிக்குக் கூட்டிய எண்

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில் ஒரு தைல ஆலை. அங்கேதான் எனக்கு முதல் வேலை. இலையில் வடித்த எண்ணெயைப் பெரிய கலனில் ஊற்றி, நீராவியால் சூடாக்கிச் சுத்தம் செய்வோம். ஒரு கிலோ எண்ணெயின் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று தெரியாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. அந்த வருஷம் வந்த புதுக் கலவைக்கு எந்தப் புத்தகத்திலும் அந்த எண் இல்லை. அதைப் போன்ற மற்ற திரவங்களை வைத்து மதிப்பிட்டார்கள். மதிப்பிட்டதன் மேல் சேஃப்டிக்கு என்று கொஞ்சம் கூட்டிப் போடுவது எங்கள் ஆலை வழக்கம்.

பாய்லர் வாங்குவதற்கு அது நல்ல வழக்கம்தான், கொஞ்சம் பெரிதாக வாங்கினால் தப்பில்லை. ஆனால் மேனேஜர், எவ்வளவு நேரம் ஆவி விடவேண்டும் என்பதற்கும் அதே எண்ணை எடுத்துக்கொண்டார். எண்ணெய்க்கோ அவ்வளவு சூடு தேவையே இல்லை. கலனின் தெர்மாமீட்டர் உடைந்து மாதக்கணக்காகியும் பாவிகள் மாற்றவில்லை.

புதுக் கலவையைச் சூடாக்கிய முதல் நாளே, சொன்ன நேரம் முடியுமுன் எண்ணெய் பொங்கி, கலனைப் பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டரின் முகத்திலும் மார்பிலும் கொட்டியது. குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான், வால்வை அடைக்கவில்லை என்று வேலையை விட்டே நீக்கினார்கள். ஒரு காலத்தில் குடித்தவர். விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. அதனால் எல்லோரும் சட்டென்று நம்பினார்கள். அவர் மனைவியும் நம்பி, குழந்தையோடு வெள்ளக்கடையில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் மிச்சமிருந்த எண்ணெயைச் சூடாக்கி அளந்து பார்த்தேன். எங்கள் எண் ரொம்பவே அதிகம். மேனேஜரிடம் சொன்னால், சேஃப்டிக்குக் கூட்டினால் எப்படி ஆபத்து வரும் என்று என்னையே மடக்கினார். கத்தினேன். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஆபரேட்டரைப் பார்க்கப் போனேன். அவரால் வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை. தப்பு உங்கள் மேல் இல்லை, எங்கள் கணக்கில்தான் என்றேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எங்கூட்டுக்காரிகிட்ட இதை ஒருக்கா சொல்லிப்போட்டுப் போறீங்களா சார்?"

வெள்ளக்கடைக்குப் போனேன். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். எண், ஆவி, சூடு எல்லாவற்றையும் என்னால் முடிந்த அளவு எளிமையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"கம்பெனியில சொல்லியனுப்பிச்சாங்களாங்க?"

இல்லை என்றேன்.

"அவரு அனுப்பிச்சாருங்களா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

"நொம்ப நல்லாத்தான் சொல்றீங்க. முன்னெல்லாம் குடிச்சுப்போட்டு வந்தாலும் இப்படித்தானுங்க, கூட ஒரு ஆளைக் கூட்டியாந்து பேச வெப்பாரு."