சிலை மேடத்தின் மூக்கு

ஸ்கேன் சென்டரில் அவளுடைய சொந்தப் பெயர் வழக்கொழிந்து பதினோரு வருஷமாகிறது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அனுப்பும் ஒவ்வொருவரிடமும், "சிலை மாதிரி படுங்க. மூக்கு அரிச்சாலும் கை போகக் கூடாது" என்பாள். அதனால் சிலை மேடம். அசைந்தவர்களை அவள் மன்னித்ததே இல்லை.

அவளுக்கு அடிபட்ட விதம் வெளியே சொல்லும்படி இல்லை. விபத்து என்றால் ஒரு லாரியாவது வேண்டாமா? வேலை முடிந்து கிளம்பியவள், வாசலில் வண்டிகளை நிறுத்தும் தடுப்புக் கம்பத்துக்குக் கீழே குனிந்து நுழைந்தாள். 'இவ்வழியே நடக்கக் கூடாது' என்று அங்கே பலகை மாட்டச் சொன்னதே அவள்தான். கம்பம் இறங்கி நெற்றியில் தட்ட, மல்லாக்க விழுந்து பின்மண்டை சிமெண்டுத் தரையில் மோதியது.

உடனே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு உடையவில்லை, ரத்தம் கசியவில்லை. டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவளே திரையைப் பார்த்து, "சுத்தமா இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். படம் எடுப்பதுதான் அவள் வேலை, படிப்பது டாக்டர் வேலை. ஆனாலும் பதினோரு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் தலையில் கொம்பு முளைக்காது?

வீட்டில் சமையல் அவள் கணவர் பொறுப்பு. பள்ளி வேன் ஓட்டுகிறவர். நடுப்பகலில் நேரம் கிடைக்கும். அடிபட்ட மறுவாரத்திலிருந்து அவர் சமைத்தது எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. உப்பு தெரிந்தது, காரம் தெரிந்தது, ஆனால் அட்டையை மெல்லுவது போலிருந்தது.

"உங்க கைக்கு என்ன ஆச்சு? முன்ன மாதிரி இல்லையே."

மனுஷர் முதலில் வெங்காயத்தைக் கூட்டினார், பிறகு எண்ணெயைக் கூட்டினார். அடுத்த மாதம் கரண்டியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். "இனிமே நீயே சமைச்சுக்கோ, தாயே."

அப்படித்தான் அன்று சாயங்காலம் அவள் பால் காய்ச்ச நின்றாள். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. காஸை மூட மறந்தவள், பீன்ஸ் நறுக்கிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். காய் நறுக்கி முடிந்ததும் பக்கத்து அடுப்பைப் பற்றவைக்க லைட்டரைக் கையில் எடுத்தாள்.

"அதைத் தொடாதே!"

வாசலில் செருப்பைக் கழற்றியவர் பாய்ந்து வந்து லைட்டரைத் தட்டிவிட்டார். சிலிண்டரை மூடினார், ஜன்னல்களைத் திறந்தார், அவளை இழுத்துக்கொண்டு தெருவில் வந்து நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"தெரு வரைக்கும் நாறுது. உனக்குத் தெரியலையா?"

"கொஞ்சம் ஜலதோஷம்" என்றாள்.

"ரெண்டு மாசமாவா?"

வீடு காற்றாடியதும் அவர் அவள் கண்ணைத் துண்டால் கட்டி மூக்கருகே ஒவ்வொன்றாக நீட்டினார். சோப்பு என்றாள்; அது வெங்காயம். ரோஜா அத்தர் என்றாள்; அவருடைய ஷூ பாலிஷ். மூன்றாவதாக எதையும் நீட்டாமலேயே, "இது?" என்றார். "காபித்தூள்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. துண்டை அவிழ்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

மறுநாளே அவளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இயந்திரத்தை இயக்கியது இரண்டாம் ஷிப்ட்காரர், அவளைவிட மூத்தவர். அவளிடம் படாத பாடுபட்டவர். உள்ளே போன இரண்டாம் நிமிஷமே அவளுக்கு மூக்கு அரித்தது. பிறகு முழங்கால். பிறகு, உயிரோடு திரும்பி வருவோமா என்ற சந்தேகம். அந்தக் குழாய் அத்தனை குறுகல் என்று இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. எல்லோரும் சொன்னார்கள்தான், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மேடம், ஆடிட்டீங்க. திரும்ப எடுக்கணும்."

மூன்றாம் தடவை சொன்னபோது அவர் குரலில் சந்தோஷம் அப்பட்டமாகவே தெரிந்தது.

காது மூக்கு தொண்டை டாக்டரம்மா படத்தை விளக்கினார். மூக்குக்கு மேலே சல்லடை மாதிரி ஒரு எலும்பு. அதன் ஓட்டைகள் வழியாகத்தான் வாசனை நரம்புகள் மூளைக்குப் போகின்றன. மூளை குலுங்கும்போது அந்த நூல்கள் அறுந்துபோகலாம். அவளுக்கு முன்மூளையின் அடியில் கன்றிப்போன தழும்பு ஒன்று இருந்தது. வாசனையை வாங்கிக்கொள்ளும் குமிழ் ஒரு பக்கம் சுருங்கியிருந்தது.

"சி.டி.யில ஒண்ணும் இல்லையே, டாக்டர்?"

"ரத்தக் கசிவு, எலும்பு முறிவு இருக்கான்னுதான் அன்னைக்கு அவசரமா பார்த்தது. இவ்வளவு பொடியான விஷயம் அதுல தெரியாது. பதினோரு வருஷமா இதே வேலைல இருக்கீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

மூக்கறுபட்டு நின்றாள்.

வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. எலுமிச்சை, ரோஜா, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு புட்டிகள். காலையும் மாலையும் முகர்ந்து பழக வேண்டும். சமையலறையில் காஸ் கசிந்தால் அலறும் கருவி ஒன்றைக் கணவர் மாட்டினார். தன் சமையலைக் குறை சொன்னதற்கு அவளிடமிருந்து எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்டு வாங்கி, அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

ஏழு மாதம் காலிப் புட்டியை முகர்வது போலத்தான் இருந்தது. எட்டாம் மாதம் ஒரு காலை, எலுமிச்சைப் புட்டியிலிருந்து எரிந்த டயர் நாற்றம் குப்பென்று வந்தது. "நாறுதுங்க! நாறுதுங்க!" என்று அவள் கூத்தாடியதைக் கேட்டு மாடி வீட்டுக்காரர்கள் தங்கள் குப்பைக் கூடையைத் தூக்கி ஒளித்து வைத்தார்களாம். ஒரு வருஷத்தில் பாதிக்குப் பாதி தேறியது. மீதி தேறவில்லை. பழகிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் தலையில் அடிபட்டு வருகிறவர்களிடம் அவள் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறாள். போன வாரம், ஏணியிலிருந்து விழுந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் ஸ்கேன் முடிந்து சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாசனை எல்லாம் சரியா தெரியுதா, அண்ணே? தயங்காம சொல்லுங்க."

அவர் தயங்கத்தான் செய்தார்.

"தெரியுதும்மா. தப்பா நினைக்காதீங்க, நீங்க போட்டிருக்கிற சென்ட் இருக்கே, அது வெளியே லிஃப்ட்லயே தெரிஞ்சுது."

இரண்டாம் ஷிப்ட்காரர் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். அவர் தோள் குலுங்கியது. தனக்குத் தெரியும்வரை தெளித்துக்கொண்டால் மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்று அவள் யோசித்தே பார்த்ததில்லை. "எத்தனை நாளா சார் இப்படி?" என்றாள் அவரிடம்.

"ஆறு மாசமா மேடம். நாங்க எல்லாரும் ஜன்னல் பக்கமாத்தான் உட்காருறோம்."