அணைச்சா மறுபடி புடிக்காது

நான் சொல்லப்போவது நடந்தது. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கோவில்பட்டியில் இருபத்தாறு வருடமாக இன்ஜின் பிரிக்கிறேன். உள்ளே கரியைத் தவிர எதையும் பார்த்ததில்லை. இது நள்ளிரவிலும் நடக்கவில்லை. போன மே பதினான்காம் தேதி, செருப்பைத் தாண்டிக் கால் சுடுகிற உச்சி வெயிலில் நடந்தது.

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி விஜயராஜ் காலமான தன் அப்பா தங்கசாமிக்குச் சிலை வைக்கிறார். பீடத்தில் ‘கரிசலுக்கு நீர் தந்த பகீரதன்’ என்று செதுக்கியாயிற்று. அந்தப் பகீரதனின் கிணற்றுத் தண்ணீரை மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும், அத்தனை உப்பு. அதைச் செதுக்கப் பீடத்தில் இடம் போதவில்லை போலிருக்கிறது. திறப்பு விழாவில் சிலைக்குப் பக்கத்தில் அப்பாவின் பழைய பம்பு இன்ஜின் ஓட வேண்டும். ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்தாயிற்று. ஓடாவிட்டால் மானம் போய்விடும்.

இன்ஜின் விளாத்திகுளம் பக்கம், அவர் கரிசல்காட்டு நிலத்தில், கிணற்றடித் தகரக் கொட்டகையில் கிடந்தது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற ரகம். முப்பத்தெட்டு வருடமாக ஓடவில்லை. ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் நொறுங்கி, அடிப்பாகம் துருவேறி இன்ஜின் மேல்மூடியான ஹெட்டோடு ஒட்டிப்போயிருந்தது. இரண்டு நாள் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தேன்.

11.40. ஹெட்டைச் சூடுகாட்டி, ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகித் தொங்கினேன். அசையவில்லை.

விஜயராஜ் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “எங்கப்பா ஒத்தை ஆளா தூக்குன இன்ஜின் ஓய் இது. நீரு ஒரு பிளக்குக்கு இந்தப் பாடு படுதீரு.”

“அப்பம் அவியளையே கூப்பிடுங்க அண்ணாச்சி. வந்து கழட்டட்டும்.”

சொல்லியிருக்கக் கூடாது.

11.55. ஆடுகள் வந்தன. பின்னால் அறுபது வயதில் ஒரு பெண். கண்ணுக்கெட்டிய தூரம் வரை அந்தக் கொட்டகை மட்டும்தான் நிழல். ஒரு ஆடுகூட உள்ளே வரவில்லை. வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

“மணி என்னாச்சு தம்பி?”

“பன்னெண்டு ஆகப் போவுது.”

“இன்னும் இருவத்தஞ்சு நிமிசம் கெடக்கு.” வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

“எதுக்குக்கா?”

அவள் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

12.10. ஸ்பானரை மறுபடி வைத்தேன். நான் அழுத்தவே இல்லை. பாட்டில் மூடி மாதிரி பிளக் கழன்று வந்தது.

நுனியில் காய்ந்த கரி இருக்க வேண்டும். ஈரமாக இருந்தது. துளையிலிருந்து சூடான புகை நாற்றம்... இப்போதுதான் அணைத்த இன்ஜின் மாதிரி.

இத்தனை வருடத்தில் பிஸ்டன் இறுகியிருக்க வேண்டும். சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினேன். சுற்றியது.

“பாத்தீரா, எங்கப்பா இன்ஜினு!” விஜயராஜ் எழுந்து வந்தார். பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் இன்ஜினுக்கு உயிர் இருக்கிறதா என்று தெரியும். ஒரு தடவை இழுக்கும், ஒரு தடவை தள்ளும். மூச்சு மாதிரி.

“நான் பாக்குதேன்,” என்று விரலை வைத்தார்.

12.20. சுற்றினேன்.

இழுத்தது. மறுபடி இழுத்தது. தள்ளவே இல்லை.

கையை எடுத்துவிட்டேன். சக்கரம் நிற்கவில்லை.

துளை பதினெட்டு மில்லிமீட்டர். அவர் கட்டைவிரல் அவரைப் போலவே பருமன். நுழைய வழியே இல்லை.

நுழைந்தது.

“நிறுத்தும் ஓய்! நிறுத்தும்!”

எதை நிறுத்த? பெட்ரோல் கிடையாது. பிளக் என் கையில் இருந்தது.

தப்... தப்... தப்...

புகைக்குழாயில் ஒரு குரல். இருமலோடு.

“அணைச்சா மறுபடி புடிக்காது... வேலையப் பாருலே...”

விரல் கணு வரை போயிருந்தது.

“ஐயா... நிறுத்துங்க...” விஜயராஜ் புகைக்குழாயைப் பார்த்துக் கெஞ்சினார்.

தப்... தப்...

12.23. நின்றது.

விஜயராஜ் மல்லாக்க விழுந்தார். கட்டைவிரல் இல்லை. துளைக்குள் டார்ச் அடித்தேன். அங்கும் இல்லை. ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை.

ஆடுகள் ஒவ்வொன்றாக நிழலுக்குள் வந்து படுத்தன.

மறுநாள் சாமான்களை எடுக்கப் போனேன். அந்த ஆட்டுக்காரி அதே வரப்பில் இருந்தாள். பெயர் மாரித்தாய் என்றாள். நான் கேட்காமலே சொன்னாள்.

“எம்புருசன் சீனி தூர் எடுக்க இந்தக் கிணத்துல எறங்குனாவ. இன்ஜினும் அப்பம் கிணத்துக்குள்ளதான், பாதி ஆழத்துத் திட்டுல ஓடிக்கிட்டு இருந்துச்சு. பொகை மேல வர வழியில்ல. நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு கத்துனாவ. தங்கசாமி மொதலாளி மேல நின்னு வாச்சப் பாத்துக்கிட்டே சொன்னாவ, ‘அணைச்சா மறுபடி புடிக்காது, வேலையப் பாருலே’ன்னு. பன்னெண்டு இருவதுலேருந்து மூணு நிமிசம் தம்பி. நாந்தான் எறங்கி, கல்லால பிளக்க ஒடச்சேன். இன்ஜின் நின்னுச்சு. அதுக்கு முன்னாலயே அவிய மூச்சு நின்னுட்டு.”

கம்பை ஊன்றி எழுந்தாள்.

“எத்தனை தடவ கத்துனாவ தெரியுமா? பத்து. எண்ணுனேன்.”

ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று விஜயராஜ் போன் செய்தார். குரலில் பழைய மிடுக்கு திரும்பியிருந்தது. மதுரையிலிருந்து புது பிளக் வந்துவிட்டதாம். தள்ளிப்போன திறப்பு விழா அடுத்த வெள்ளிக்கிழமையாம். நான் வந்து மாட்டிக் கொடுத்தால் போதுமாம். உச்சி வேளை நல்ல நேரமாம், தன் கையாலேயே கயிற்றை இழுத்துக் கிளப்பப் போகிறாராம்.

அவருக்கு இன்னும் ஒன்பது விரல் இருக்கிறது.