எக்கோவில் வராத அழுத்தம்

என் தங்கைக்கு மூச்சு வாங்குவதை அவள் கணவர் வியாதி என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. அவர் காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். தண்ணீர்க் குடத்தோடு கொல்லையிலிருந்து அடுப்படி வருவதற்குள் அவள் சுவரைப் பிடித்து நின்றுவிடுவாள். “உங்க தங்கச்சிக்கு மூச்சு விடுறதே ஒரு வேலை மச்சான்” என்று அவள் காதுபடவே என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

டவுனில் நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தோம். இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் இயல்பு என்று வந்தது. அன்று மாலையே ஏலக்கரை முழுக்கச் சொல்லிவிட்டார்: “டாக்டரே சொல்லிட்டாரு, எல்லாம் நடிப்பு.”

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று கேட்டவன் நான். வலது பக்க வால்வில் ரத்தம் பின்னோக்கிக் கசிகிற வேகத்தை வைத்து எக்கோ அழுத்தத்தைக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான் என்றார். தங்கைக்குக் கசிவு தெளிவாகப் படவில்லை. அப்படியானால் எண் உண்மையைவிடக் குறைந்து வரலாம். இதயத்தின் வலது அறை வேறு பெருத்திருந்தது. கழுத்து வழியாக மெல்லிய குழாய் செலுத்தி நேரடியாக அளந்தால்தான் நிச்சயம் என்று புதுச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார்.

“நல்லா இருக்கிறவ கழுத்துல எதுக்கு ஓட்டை?” என்று மாப்பிள்ளை மறுத்தார். அவரை மீறத் தங்கைக்குத் துணிவில்லை. அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியது.

நான் ஏலக்கரைக்கே போனேன். அங்கே எடை போடுவதில்லை; கூடையை மேலாகப் பார்த்து விலை கேட்பார்கள். ஏலம் எடுக்க வந்த மீன்கார அம்மாள் ஒருத்தி ஒரு கூடையைக் காட்டி, “அடியில ஐஸா அடைச்சிருக்கும் போலிருக்கே” என்றாள்.

“சந்தேகமா? இந்தா பாரு” என்று மாப்பிள்ளை கூடையை மணலில் கவிழ்த்தார். அது அங்கே வழக்கம். ஒருவர் சந்தேகப்பட்டாலும் கொட்டிக் காட்ட வேண்டும்.

“சங்கரா மீனுக்குச் சந்தேகம்னா கொட்டிக் காட்டுறீங்க மாப்ளே. என் தங்கச்சிக்கு மேலாகப் பாத்தாப் போதுமா?” என்றேன்.

“நியாயமாத்தானே கேக்குறாரு” என்றாள் அந்த அம்மாள். நாலு பேர் சிரித்தார்கள்.

அவர் முகம் கறுத்தது. “கூட்டிக்கிட்டுப் போங்க. ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சுன்னா அவளை உங்க வீட்டுலயே வச்சுக்குங்க.”

புதுச்சேரியில் குழாய் விட்டு அளந்தார்கள். அழுத்தம் மிக அதிகம். ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும், இன்னும் தாமதித்திருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்றார்கள். கட்டிலருகே உட்கார்ந்து ஒன்றையும் மறைக்காமல் தங்கையிடம் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது.

“அப்ப நான் நடிக்கலைல்ல அண்ணே?”

இவ்வளவு பெரிய வியாதியைக் கேட்டு ஒருத்தி நிம்மதி அடைகிறாள். அவளை அந்த நிலையில் வைத்திருந்த மனிதர், முடிவு தெரிந்து வந்து சேர்ந்தவர், வெளியே வராந்தாவில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். “எனக்கு அப்பவே சந்தேகம். நான்தான் குழாய் விட்டுப் பாக்கச் சொன்னேன்.”

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.