மகளின் தலையை அளந்த காலம்

குல்லா பத்தவில்லை என்று முதலில் சொன்னது ஆயம்மாதான். எழுபதுகளின் தொடக்கத்தில், தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்தேன். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை ஆயம்மாவிடம் விட்டுச் செல்லும் கொட்டகையில் என் மகளையும் விட்டுவிட்டுப் பாடம் நடத்தப் போவேன். அந்தக் குளிரில் பிள்ளைக்குப் பெயர் வைக்கத் தாமதமானாலும் ஆகும், கம்பளி நூல் குல்லா போடத் தாமதமாகாது. என் மகள் போட்டிருந்தது நானே பின்னியது. ஒரு சாயங்காலம் தூக்கப் போனபோது அது உச்சந்தலையில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சரே, குல்லா பத்தல. இழுத்து இழுத்துப் பாத்துட்டேன், காதுக்கு எறங்க மாட்டேங்கு" என்றாள் ஆயம்மா.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கம்பளியை வெந்நீரில் அலசினால் சுருங்கும் என்பது மலையில் இருக்கிற யாருக்கும் தெரியும். "வெந்நீர்ல போடாத, போடாதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? நான் பின்னுனது உனக்கு எளக்காரமா?" என்று பத்துப் பேர் முன்னால் கத்தினேன். தான் அதை அலசவே இல்லை என்று அவள் மாரியம்மன்மேல் சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை. வீட்டுக்குப் போய் இன்னொரு குல்லா பின்ன உட்கார்ந்தேன். கொஞ்ச நாளில் அதுவும் பத்தாமல் போயிற்று. அதை நான்தான் பச்சைத் தண்ணீரில் அலசியிருந்தேன்.

அதுவரை அந்தப் பெரிய தலை எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "டீச்சர் மகள்லா, மூள ஜாஸ்தி" என்று நாங்கள் குடியிருந்த தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டுக்கொள்வேன். எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார். குழி இருக்க வேண்டிய இடம் மேலே புடைத்திருந்தது. உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

என் கணவர் ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். லீவு சொல்லிவிட்டு வந்தார். பிள்ளையைக் கம்பளியில் சுற்றிப் பஸ் ஏறினோம். போடிமெட்டிலிருந்து வளைவு வளைவாக இறங்கும்போது எனக்குத்தான் வாந்தி வந்தது. அவள் அப்பா மடியில் கிடந்து சன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

மதுரையில் டாக்டர் எங்களை ஒரு அறைக்குள் கூப்பிட்டுக் கதவையும் சன்னலையும் சாத்தினார். இருட்டில் டார்ச் விளக்கை அவள் தலையோடு வைத்து அழுத்தினார். தலை ஒரு பக்கம் முழுக்கச் செக்கச் செவேல் என்று ஒளிர்ந்தது. உள்ளங்கையை மூடிக்கொண்டு டார்ச் அடித்தால் விரலிடுக்கு சிவக்குமே, அதே சிவப்பு. என் பிள்ளையின் தலைக்குள் வெளிச்சம் போய் வருகிறது என்று கண்டதும் அதைக் கையால் மூடப் போனேன்.

சன்னலைத் திறந்துவிட்டு அவர் பொறுமையாகச் சொன்னார். "மூளைக்குள்ள தண்ணி ஊறும், வடியும். எல்லாருக்கும் அப்படித்தான். இவளுக்கு வடியுற வழி அடைச்சிருக்கு. சில பிள்ளைங்களுக்குத் தானாவே ஒரு நிலைக்கு வந்து நின்னுரும். அப்படி நின்னா ஆபரேஷன் வேண்டாம். நிக்கலைன்னா மூளை நசுங்கும், கண்ணு போகும், உயிருக்கே ஆபத்து."

"ஆபரேஷன் பண்ணுனா என்ன செய்வீங்க சார்?" என்று கேட்டார் என் கணவர்.

"தலையில இருந்து தோலுக்கு அடியிலயே ஒரு குழாய எறக்கி வயித்துல விடுவோம். தண்ணி அது வழியா வடியும். ஆனா அந்தக் குழாயும் அடைச்சுக்கலாம், சீழ் பிடிக்கலாம். அடைச்சா உடனே இங்க வந்தாகணும். நீங்க எங்க இருந்து வர்றீங்க?"

சொன்னோம். அவர் பேனாவை மூடினார். மழைக்காலத்தில் ரோடு எப்படி இருக்கும் என்று கேட்டார். மண் சரியும், சில சமயம் நாள்கணக்கில் பஸ் வராது என்றார் என் கணவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். டாக்டர் மறுபடி பேனாவைத் திறந்து சீட்டில் ஏதோ எழுதினார். பிறகு, "வாரா வாரம் தலையச் சுத்தி அளந்து குறிச்சு வைங்க. ஒரு மாசம் கழிச்சுக் கொண்டாங்க. அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துருங்க" என்றார்.

முடிவு! அதுவரை என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் எந்த முடிவையும் கேட்டதில்லை. டீச்சர் வேலைக்குப் படி என்றார் அப்பா, படித்தேன். இவரைக் கட்டிக்கொள் என்றார்கள், கட்டிக்கொண்டேன். முகூர்த்தப் புடவையின் நிறத்தைக்கூட மாமியார் வீட்டில்தான் முடிவு செய்தார்கள். முதல்முறையாக ஒருவர் என் முகத்தைப் பார்த்து நீயே சொல் என்று சொன்னது, என் மகளின் மண்டையைத் திறக்கலாமா வேண்டாமா என்று. அந்த டாக்டர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை படித்தவருக்கே தெரியவில்லை என்றால் எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? திரும்பி வருகிற வழியெல்லாம் அவரைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

டெய்லரிடம் நாடா இரவல் வாங்கினோம். அளக்க ஆரம்பித்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய கூத்து என்று புரிந்தது. நான் அளந்தால் ஒரு அளவு, அவர் அளந்தால் ஒரு அளவு. தலை வளரக்கூடாதே என்ற எண்ணத்தில் நான் நாடாவை இறுக்கிப் பிடிக்கிறேன் என்றார் அவர். பிள்ளைக்கு வலிக்குமே என்று நீங்கள்தான் தளரப் பிடிக்கிறீர்கள் என்றேன் நான். இரண்டும் உண்மைதான். அவளோ நாடாவின் நுனியைப் பிடித்து வாயில் வைத்துக்கொள்வாள். அதை விடுவிப்பதற்குள் அளவு மாறிவிடும். வளர்ந்திருக்கிறதா நின்றிருக்கிறதா என்று எங்களால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. ஆளுக்கொரு அளவைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டு, பிறகு பேசாமல் சாப்பிட்டோம்.

கீழே போய்க் குடியிருந்தால் என்ன என்று தோன்றாமல் இல்லை. அவர் போடியிலும் தேனியிலும் வேலை கேட்டு அலைந்து பார்த்தார், ஒன்றும் அமையவில்லை. லயத்து வீடு வேலையோடு வருவது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும்.

நாங்கள் மதில்மேல் பூனையாக இருப்பதைப் பார்த்துப் பார்த்து என் கணவருடைய அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் அதே எஸ்டேட்டில் சூப்பர்வைசர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார்.

"வெள்ளம் தலைக்கு மேல போனா சாண் என்ன மொழம் என்ன? எதுக்குப் போட்டு அளந்துக்கிட்டுக் கெடக்கிய?" என்றார்.

அவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோரும் சொல்கிற பழமொழிதான். ஆனால் என் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. "அத்தான், அந்தப் பேச்ச இந்த வீட்டுல பேசாதீங்க" என்றேன். அவருக்கு அப்புறம்தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பாவம், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காப்பியைக் குடிக்காமலே இருந்தார். பிறகு மெதுவாக, "ஆத்தாட்ட பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார்.

எங்கள் ஆட்களிடம் உள்ள பழக்கம்தான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத ஒரு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். கல்யாணம், வீடு, வழக்கு எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். எங்களுக்கு, வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். வேறு யார் எனக்குச் சொல்லப் போகிறார்கள்?

லயத்துப் பெண்குழந்தை ஒன்று ஒரு பொட்டலத்தை எடுத்துப் பூசாரி கையில் கொடுத்தது. பிரித்தார். சிவப்பு அரளி.

"ஆத்தாவே சொல்லிட்டா" என்று அத்தான் கும்பிட்டார். என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குள் ஏதோ பாரம் இறங்கியது. கத்தி வேண்டாம், குழாய் வேண்டாம், என் பிள்ளை என் மடியிலேயே இருப்பாள் என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷமே அந்தச் சந்தோஷம் போயிற்று. ஆத்தாள் டார்ச் அடித்துப் பார்த்தாளா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, விபூதியைப் பிள்ளையின் நெற்றியில் பூசிக்கொண்டு வந்தேன். பூசுவதற்கு அந்த நெற்றியில் நிறைய இடம் இருந்தது.

அந்த வாரமே அவள் கண் மாறியது. கருவிழி கீழே இறங்கி, மேலே வெள்ளை தெரிய ஆரம்பித்தது. குனிந்து எதையோ தேடுகிற பார்வை. தூக்கக் கலக்கம் என்றார் என் கணவர். எந்நேரமுமா தூக்கக் கலக்கம் என்று நான் கத்தினேன். மாதம் முடியக் காத்திருக்காமல் பஸ் ஏறினோம்.

டாக்டர் நாடாவைத் தொடவே இல்லை, கண்ணைப் பார்த்ததோடு சரி. "இனி யோசிக்க முடியாது, குழாய் போட்டாகணும்" என்றார்.

"எங்க ஆத்தா வேண்டாம்னு உத்தரவு குடுத்திருக்கா சார்" என்றார் என் கணவர்.

டாக்டர் சிரிக்கவில்லை. "நீங்க கேட்ட அன்னிக்கு ரெண்டு வழி இருந்துச்சு. இன்னிக்கு ஒண்ணுதான் இருக்கு. ஆத்தா கோவிக்க மாட்டா" என்றார். அந்த வார்த்தைக்காக அவரை அதுவரை திட்டியதெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மொட்டைத் தலையில் காதுக்குப் பின்னால் ஒரு மொச்சைக்கொட்டை அளவு குமிழ் இருந்தது. அதிலிருந்து குழாய் கழுத்து வழியாக இறங்குவது தோலுக்கு மேலேயே தெரியும். குமிழை விரலால் அமுக்கினால் அமுங்கி மறுபடி எழும்ப வேண்டும், எழும்பாவிட்டால் அடைப்பு என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தார். காலையில் எழுந்ததும் எனக்கு முதல் வேலை அதுதான். கண்ணும் இறங்கிய இடத்திலிருந்து மேலே வந்தது. அவள் உட்காரத் தாமதமானது, நடக்க இன்னும் தாமதமானது. பேச்சு மட்டும் அருவி மாதிரி கொட்டியது. வருகிற போகிற எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி வைத்துப் பேசுவாள். ஆயம்மாவை ஒருநாள்கூட விடமாட்டாள்.

முடிவெடுத்தாயிற்று, இனி நிம்மதி என்று நான் நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம். குழாய் வைத்த பிள்ளை ஒவ்வொரு தடவை வாந்தி எடுக்கும்போதும் புதிதாக முடிவெடுக்க வேண்டும். சாப்பிட்டது சேரவில்லையா, குழாய் அடைத்துவிட்டதா? ஒரு மழைக்காலத்தில் ரோடு சரிந்து கிடந்தபோது அவள் வாந்தி எடுத்தாள். அத்தானும் நாலைந்து பேரும் கம்பளியில் அவளைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் சரிவைத் தாண்டினார்கள். அந்தப் பக்கம் ஒரு ஜீப்பைப் பிடித்து மதுரை போய்ச் சேர்ந்தோம். டாக்டர் குமிழை அமுக்கிப் பார்த்தார். "குழாய் நல்லாத்தான் இருக்கு. என்னம்மா சாப்பிட்ட?" என்று அவளிடம் கேட்டார்.

"பலாச்சொள" என்றாள். எத்தனை என்று கேட்டதற்குக் கை இரண்டையும் விரித்துக் காட்டினாள்.

"பலாச்சொளைக்கு மதுரை வரைக்கும் ஊர்வலம் போனவ எங்க வீட்டு மகாராணி" என்று அத்தான் எஸ்டேட் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த மழையில் மறுபடி வாந்தி. தலை வலிக்கிறது என்றாள். நான் குமிழை அமுக்கினேன். எழும்பியது, மெதுவாக எழும்பியதோ என்று சந்தேகம். அவர் அமுக்கினார். எழும்புகிறது என்றார். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டர் லீவு, கம்பவுண்டர் வயிற்றுக்கு மருந்து கொடுத்தார். வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றிக்கொண்டிருந்தது. மழை கொஞ்சம் விடட்டும், பார்ப்போம் என்றோம். யார் முதலில் சொன்னது என்று இன்றைக்கும் தெரியவில்லை. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. மழை மறுநாள் விட்டது. அதற்குள் அவளை எழுப்ப முடியாமல் போயிருந்தது.

எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று எழுதத் தெம்பில்லை. போய்ச் சேர்ந்தோம். அடைத்த குழாயை எடுத்துவிட்டு வேறு குழாய் போட்டார்கள். உயிர் தங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது அவர் காலில் விழப் போனேன். அவர் என்னைத் தடுத்துவிட்டு, அவள் இமையைத் தூக்கி டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். முழிக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் முழித்தது நல்ல உச்சி வேளையில். வார்டில் சன்னல் எல்லாம் திறந்து கிடந்தது, வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. அவள் என் கையைத் தடவி வளையலைக் கண்டுபிடித்தாள்.

"அம்மா, வெளக்கப் பொருத்தும்மா. இருட்டா இருக்கு."

நான் திறந்து கிடந்த சன்னலைப் பார்த்தேன். அவள் மறுபடியும் கேட்டாள்.

"மண்ணெண்ண தீந்துட்டு கண்ணு. அப்பா வாங்கப் போயிருக்காரு" என்றேன்.

அவர் கட்டிலுக்கு அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் கேட்காமல் வெளியே போனார்.